பதினோரு நாள் திறந்திருந்த கதவு

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. கையெழுத்துதானே? போடலாம், நான் எங்கயும் ஓடிடல. அதுக்கு முந்தி கொஞ்சம் பேசணும்.

நேத்து நீங்க கம்ப்யூட்டர் விசாரணைக்குன்னு கோயம்புத்தூர்ல இருந்து வந்து இறங்கினதும் இந்த ஸ்கேன் சென்டர்ல இருக்கற எங்க எல்லாரையும் ஹால்ல உட்கார வச்சு ஒவ்வொருத்தரா கேட்டீங்க. என் முறை வந்துச்சு. "ரவுட்டர்ல நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டீங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள குலசேகரன் டாக்டர் குறுக்க வந்து, "இவங்களுக்கு அதெல்லாம் தெரியாது, இவங்க படம் எடுக்கறவங்க"ன்னாரு. நீங்களும் தலைய ஆட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க.

எனக்குத் தெரியாதாம். ராத்திரி பூரா அதையே சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தெரியாதாம்ல.

இன்னைக்கு இந்தத் தாள டைப் பண்ணிக் கொண்டு வந்திருக்கீங்க. படிச்சுட்டேன். நெட்வொர்க் வேலை பார்த்த அமலதாஸோட கவனக்குறைவாலதான் வெளி ஆளுங்க சர்வருக்குள்ள புகுந்து எல்லாப் படத்தையும் பூட்டிட்டாங்கன்னு எழுதியிருக்கு. அடுத்த வரி, "நிறுவன ஊழியர் எவரும் எந்த அமைப்பையும் மாற்றவில்லை." அதுக்குக் கீழ சாட்சின்னு போட்டு என் பேரு. அந்த ஒரு வரிதான் தம்பி எனக்கு ஒத்துக்கல. மாத்தினது நான். என்னத்த மாத்தினேன், எதுக்கு மாத்தினேன்னு சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

இந்தப் பள்ளத்தாக்குல தேனிக்கு இங்கிட்டு தலைக்கு ஸ்கேன் எடுக்கற மெஷின் இது ஒண்ணுதான். எடுக்கறதுக்கு நான் இருக்கேன், இருபத்திரண்டு வருஷமா. எடுத்ததப் பார்த்து என்னன்னு சொல்ற டாக்டர் இங்க கிடையாது. குலசேகரன் டாக்டர் குழந்தைங்களுக்குப் பார்க்கறவரு. நல்ல மனுஷன்தான், கட்டடம் அவரோடது, மெஷின் அவரோடது, ஆனா ஸ்கேன் படத்தத் தலைகீழா மாட்டிக் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது. மதுரையில மெஹருன்னிசா மேடம் இருக்காங்க. நாம இங்க படம் எடுத்தா சர்வர்ல ஏறும். அவங்க அவங்க வீட்டுல உட்கார்ந்து நம்ம சர்வரத் திறந்து, பார்த்து, ரிப்போர்ட் எழுதிடுவாங்க. நாலு வருஷமா அப்படித்தான் ஓடிச்சு.

பங்குனி மாசம் ஒரு நாள் காலையில மேடம் போன். "வேலு, உங்க சர்வர் திறக்கல."

நான் இங்க திறந்து பார்த்தேன். ஜம்முனு திறக்குது. அங்க திறக்கல. சென்னையில சர்வர் வித்த ஆளுங்களுக்குப் போன் போட்டேன். எங்க பக்கம் ஒண்ணும் இல்ல மேடம்னாங்க. நெட் கம்பெனிக்குப் போட்டேன். எங்க பக்கம் சிக்னல் நல்லா இருக்கு மேடம், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க பக்கம் நல்லா இருக்கு. நடுவுல நான், வெளியில ஸ்ட்ரெச்சர்ல ஆளு.

படங்கள டிஸ்க்ல ஏத்தி மதுரை பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்து விட ஆரம்பிச்சோம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல மேடம் வீட்டு ஆளு நின்னு வாங்கிக்குவாரு. காலையில எடுத்த படத்துக்கு சாயங்காலம் ரிப்போர்ட் வரும். ஒரு நாள் டிஸ்க் பஸ் சீட்டுக் கம்பிக்கடியில சிக்கி உடைஞ்சே போச்சு. குலசேகரன் டாக்டர்கிட்ட சொன்னா, "அதான் எப்படியோ போகுதுல்லம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னாரு. எலும்பு முறிவுக்கு அட்ஜஸ்ட் பண்ணலாம் தம்பி. தலைக்கு எப்படிப் பண்றது?

நான்தான் அமலதாஸ வரச் சொன்னேன். அவருதான் நமக்கு ஒயர் இழுத்து, ரவுட்டர் வச்சுக் கொடுத்தவரு. ராயப்பன்பட்டிக்காரரு. ஒரு ரைஸ் மில், ஒரு ஸ்கூல், நம்ம இடம், இப்படி அஞ்சாறு இடத்துல வேலை பார்த்துக்கிட்டு இருந்தாரு. அதிகம் பேச மாட்டாரு. என்ன அக்கான்னுதான் கூப்பிடுவாரு.

வந்தாரு, லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் ஒரு எக்ஸ்ரே கவரத் திருப்பிப் போட்டு எனக்குப் படம் வரைஞ்சு காட்டினாரு. உங்களுக்கு இது தெரியும், ஆனாலும் அவரு சொன்னதச் சொல்றேன். "வெளியில இருந்து வர்றவங்களுக்கு இந்த ரவுட்டர் ஒண்ணுதான் அக்கா கண்ணுக்குத் தெரியும். உள்ள எத்தனை மெஷின் இருக்குன்னு தெரியாது. வர்றவங்க ஒரு கதவு நம்பரச் சொல்லிக் கேப்பாங்க. அந்த நம்பர் சொன்னா உள்ள எந்த மெஷின்கிட்ட அனுப்பணும்னு ரவுட்டர்ல எழுதி வச்சிருக்கோம். அதுக்குப் பேரு போர்ட் ஃபார்வேர்டிங்."

"எழுதி வச்சிருந்தா ஏன் போகல?"

"கரண்ட் போய் வந்ததுல சர்வரோட உள் நம்பர் மாறிருச்சு. பதினாலுல இருந்தது பத்தொன்பதுக்குப் போயிருச்சு. ரவுட்டர் இன்னும் பதினாலத் தட்டிக்கிட்டு நிக்குது, அங்க ஆளில்ல."

பதினாலுலயே அசையாம இருக்கற மாதிரி பண்ணி விட்டாரு. நான் என் போன்ல திறந்து பார்த்து, "திறக்குது"ன்னேன். சிரிச்சாரு. "வைஃபைய அணைச்சுட்டுப் பாருங்க அக்கா. வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு வாசல் திறந்திருக்கான்னு பார்க்கக் கூடாது." அணைச்சுட்டுப் பார்த்தேன். திறந்துச்சு. மேடமும் போன் பண்ணிட்டாங்க.

அன்னைக்குத்தான் அவருகிட்ட ரவுட்டரோட பாஸ்வேர்டு கேட்டேன். தயங்கினாரு. "நீங்க குமுளி, போடின்னு போயிடறீங்க, இங்க ஒண்ணுன்னா நான் யாரப் பிடிக்கிறது?"ன்னேன். எழுதிக் கொடுத்தாரு. கொடுத்துட்டு, "பார்க்கறதுக்கு மட்டும் வச்சுக்கங்க அக்கா. எதையும் மாத்தாதீங்க. வெளியில இருந்து ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கு, அது ஒண்ணே போதும். மத்ததத் திறந்தா யார் வர்றா, யார் போறான்னு நமக்குத் தெரியாது"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா ரேடியேஷனோட வேலை பார்க்கறவளுக்கு, எதத் தொடணும் எதத் தொடக் கூடாதுன்னு சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. இருந்தாலும் சரின்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

ஒரு மாசம் நல்லா ஓடிச்சு. சித்திரை நடுவுல நெட் கம்பெனிக்காரங்க வந்து பழைய ரவுட்டர் பெட்டியக் கழட்டிட்டுப் புதுப் பெட்டி மாட்டினாங்க. மறுபடி மதுரையில திறக்கல. அமலதாஸ் வந்து அதே பாஸ்வேர்டு வச்சு, புதுப் பெட்டியில பழையபடியே எழுதினாரு. அப்பவும் திறக்கல. அவரு பெட்டிக்குள்ள இருந்த வெளி நம்பரப் பார்த்தாரு, என் லேப்டாப்ல நெட்டுல நம்ம நம்பர் என்னன்னு பார்த்தாரு. ரெண்டும் வேற வேற. "கம்பெனிக்காரங்க நூறு வீட்ட ஒரே நம்பருக்குப் பின்னால வச்சுட்டாங்க அக்கா. தெருமுனை கேட்ட அவங்க பூட்டிட்டாங்க, நம்ம வீட்டு வாசல நான் எத்தனை தடவ திறந்தாலும் பிரயோஜனம் இல்ல. தனி நம்பர் வேணும்னு டாக்டர எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

டாக்டர் பார்க்கலாம்னாரு. நாலு நாள் பார்த்தாரு. அஞ்சாவது நாள் நானே நம்ம லெட்டர்ஹெட்ல டைப் பண்ணி, 'டாக்டருக்காக'ன்னு போட்டுக் கையெழுத்தும் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். அப்படிப் பார்க்காதீங்க தம்பி, அதுல ஒண்ணும் தப்பில்ல. அவருக்காகத்தானே போட்டேன்.

நெட் கம்பெனி ஆபீஸ்ல ஒரு பொண்ணு. "ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் போடுங்க மேடம்"னா. "நெட்டு வேலை செய்யலன்னு நெட்டுலயா வந்து சொல்லணும்?"னு கேட்டேன். மேனேஜர் மீட்டிங்ல இருக்காருன்னா. இருக்கட்டும்னு அவ எதிர்ல நாற்காலியப் போட்டு உட்கார்ந்துட்டேன். காலையில பத்து மணிக்கு உட்கார்ந்தவ. வர்ற ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும், "எதுக்கு வந்தீங்க, உங்களுக்கும் வெளியில இருந்து திறக்கலயா?"ன்னு விசாரிச்சேன். மூணு மணிக்கு மேனேஜர் தானா வெளிய வந்தாரு. "ரெண்டு நாள்ல தனி நம்பர் போட்டுத் தர்றோம் மேடம், தயவுசெஞ்சு கிளம்புங்க"ன்னாரு. ரெண்டு நாள்ல வந்துச்சு. குலசேகரன் டாக்டர் இன்னைக்கு வரைக்கும் அது தானா வந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு.

தனி நம்பர் வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில. அதப் போடறப்ப கம்பெனிக்காரங்க பெட்டிய மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் பண்ணியிருக்காங்க. பாஸ்வேர்ட மட்டும் பழசையே போட வச்சேன், அமலதாஸ் எழுதி வச்சது போயிருச்சு. அவரு ஊர்ல இல்ல. குழந்தைக்கு ஞானஸ்நானம்னு திண்டுக்கல்ல மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாரு. வெள்ளிக்கிழமை வந்து எழுதித் தர்றேன்னு முந்தின நாளே சொல்லியிருந்தாரு. சரின்னுதான் நானும் இருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு மாயக்காவக் கூட்டிட்டு வந்தாங்க.

திராட்சைத் தோட்டத்துக்குப் போற கூலிப் பொம்பள. முப்பத்தெட்டு வயசு. குட்டியானை லோடு வண்டியில பின்னாடி நின்னுக்கிட்டு வந்தவ, வண்டி திரும்பறப்ப தடுமாறிக் கீழ விழுந்திருக்கா. காதுக்கு மேல லேசா வீக்கம், அவ்வளவுதான். நடந்தே வந்தா. பேசிக்கிட்டே வந்தா. "படம் எடுத்தா தாலியக் கழட்டணுமா?"ன்னு கேட்டா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒரு தடவ வாந்தி எடுத்தாளாம், அதனால டியூட்டி டாக்டர் எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்னு எழுதி அனுப்பியிருக்காரு. புருஷன் சடையாண்டி வாசல்லயே நிக்கறாரு. "அதான் நல்லாப் பேசறாளே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேனே"ன்னு.

எடுத்தேன். எடுக்கறப்பவே எனக்கு உறுத்துச்சு. மண்டை ஓட்ட ஒட்டி ஒரு இடத்துல மெல்லிசா வெள்ளை. எலும்பா, ரத்தமா? எனக்கு ரத்தம்னு பட்டுச்சு. ஆனா நான் சொல்ல முடியுமா? நான் படம் எடுக்கறவ. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு ஒரு பிரசவக் கேஸுல நின்னுக்கிட்டு இருக்காரு. "ரிப்போர்ட் என்னன்னு சொல்லுங்கம்மா"ன்னாரு. ரிப்போர்ட்டுக்குத்தானே நான் அலையறேன். திரைய என் போன்ல போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "வேலு, இதுல வெளிச்சம் அடிக்குது, எலும்பும் தெரியல ஒண்ணும் தெரியல. எனக்கு முழு செட்டும் வேணும்"னாங்க. அது நானூறு படம். மெயில் தாங்காது. நெட்டுல ஏத்தி லிங்க் அனுப்பியிருக்கலாமேன்னு நேத்து ரிசப்ஷன் பொண்ணுகிட்ட நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு எனக்கு அது தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் பக்கத்துல இல்ல. மதுரை பஸ் பன்னெண்டே காலுக்கு. டிஸ்க் போய்ச் சேர மூணு மணி ஆயிரும்.

அமலதாஸுக்கு ஆறு தடவ போன் போட்டேன். அவரு சர்ச்சுல இருக்காரு, எடுக்கல.

பெட்டியோட பக்கத்தத் திறந்து நானே எழுதினேன். அவரு எழுதறத ரெண்டு தடவ பார்த்திருக்கேனே. கதவு நம்பர் போட்டேன், உள்ள பதினாலுன்னு போட்டேன், சேவ் பண்ணேன். வைஃபைய அணைச்சுட்டுப் போன்ல பார்த்தேன். திறக்கல. மறுபடி எழுதினேன். திறக்கல. எந்த வழியா வரணும்னு கேக்கற சின்னக் கட்டத்துல டி.சி.பி.ன்னு இருக்கறதுக்குப் பதிலா யு.டி.பி.ன்னு இருந்திருக்கு. அத நீங்க நேத்து கண்டுபிடிச்சு, "இப்படி எழுதி வச்சிருக்கான் பாருங்க, அரைகுறை"ன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க. அந்த அரைகுறை நான்தான் தம்பி. ஹால்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கறப்ப அந்தச் சின்னக் கட்டம் யாரு கண்ணுக்குத் தெரியும்?

சர்வர்ல ஃபயர்வால்னு ஒண்ணு இருக்குல்ல, அது தடுக்குதோன்னு அத அணைச்சேன். திறக்கல. அந்த நேரம் ஹால்ல இருந்து சடையாண்டி சத்தம். "அம்மா, தூக்கம் வருதுன்னு படுத்துட்டா. நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

தூக்கம் வருதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

பெட்டியோட பக்கத்துல ஒவ்வொரு இடமாப் போனேன். டி.எம்.இசட்.ன்னு ஒரு இடம். வெளியில இருந்து எந்தக் கதவத் தட்டினாலும் இந்த ஒரு மெஷின்கிட்ட அனுப்பிடும்னு கீழ ரெண்டு வரி இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. படிச்சேன். புரிஞ்சுதான் படிச்சேன். ஒரு கதவு போதும்னு அமலதாஸ் சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சா? வந்துச்சு. பதினாலுன்னு போட்டு அமுக்கிட்டேன்.

போன்ல பார்த்தேன். திறந்துச்சு.

மேடத்துக்குப் போன் போட்டு, "இப்பப் பாருங்க"ன்னேன். லைன்லயே இருந்தாங்க. படத்த ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்தாங்க. அப்புறம், "வேலு, அவங்கள எழுப்பு. உடனே எழுப்பு. டியூட்டி டாக்டர் நம்பர் கொடு"ன்னாங்க. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கு. நல்லாப் பேசிக்கிட்டே இருந்து திடீர்னு விழற கேஸு. மேடம் அங்க இருந்தே தேனிக்குப் பேசி, ஆபரேஷன் தியேட்டரத் தயாரா வைக்கச் சொல்லிட்டாங்க. நான் திறந்து விட்டதுல இருந்து மாயக்கா ஆம்புலன்ஸ்ல ஏறினது வரைக்கும் ஒன்பது நிமிஷம். ஹால் கடிகாரத்தப் பார்த்து நான் கணக்கு வச்சிருக்கேன். போற வழியில நினைவு தப்பிருச்சாம். ஆனா தியேட்டர் தயாரா இருந்துச்சு. பொழச்சுக்கிட்டா.

மூணு மணிக்கு அமலதாஸ் கூப்பிட்டாரு. பின்னால குழந்தை அழுகுது. "என்ன அக்கா, இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு, திறந்துடுச்சு"ன்னேன்.

"எப்படி அக்கா?"

"நீங்க எழுதற மாதிரியே எழுதினேன்."

அது பொய்யின்னு நீங்க சொல்வீங்க. எழுதினேன்தானே? எழுதவும் செஞ்சேன். அவரு விடல. "நாளைக்கு வந்து ஒரு தடவ பார்த்துடறேன்"ன்னாரு. "எதுக்கு அலையறீங்க, குழந்தையோட நாலு நாள் இருந்துட்டு வாங்க"ன்னேன். டாக்டரும், வேலை செய்யறப்ப எதுக்கு ஆளக் கூப்பிடறதுன்னாரு. அதோட விட்டாச்சு. திரும்ப மூடணும்னு எனக்குத் தோணலையான்னு கேக்கறீங்க. தோணுச்சு. ஆனா மூடினா மறுபடி திறக்காமப் போயிட்டா? அடுத்த மாயக்கா வந்தா? ஓடற மெஷின யாரு தம்பி நிறுத்துவா?

அதுக்கப்புறம் பதினோரு நாள் ஓடிச்சு. பன்னெண்டு தலை ஸ்கேனுக்கு அரை மணி நேரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. பன்னெண்டாவது ஆளோட பேரு கூட எனக்குத் தெரியும். அந்தத் திங்கக்கிழமை காலையில வந்து சர்வரப் போட்டா, கறுப்புத் திரையில சிவப்பு எழுத்து. உங்க படமெல்லாம் எங்ககிட்ட இருக்கு, வேணும்னா பணம் கட்டுங்கன்னு. நாலு வருஷப் படம். ஒரு படமும் திறக்கல.

இதுக்கு நான் மட்டுமா காரணம்? சர்வரோட பாஸ்வேர்டு என்னன்னு பார்த்தீங்களா? டாக்டர் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். சென்னைக்காரங்க வச்சுக் கொடுத்தது, டாக்டர் மாத்த வேண்டாம், மறந்துடுவேன்னு சொன்னது. காப்பி எடுத்து வைக்க ஒரு பெட்டி வாங்கணும்னு அமலதாஸ் ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பார்க்கலாம்னு சொன்னது யாரு? உங்க தாள்ல அதெல்லாம் ஒரு வரி கூட இல்லையே.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தாரு. நுரையீரல்ல கட்டி. போன வருஷப் படத்தோட இந்த வருஷப் படத்த வச்சுப் பார்த்தாத்தான் வளர்ந்திருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்னு மதுரையில கேட்டிருக்காங்க. இல்லைங்கய்யான்னு சொன்னேன். நம்ம வாசப்படியில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு. நான் தண்ணி கொடுத்தேன். வேற என்ன செய்ய முடியும் என்னால? மாயக்காவும் வந்தா, தலையில பாதி முடி இல்லாம, தேனியில கேக்கறாங்கன்னு அவ படத்த வாங்க. அவ படமும் போச்சு. "பரவாயில்லம்மா, நான்தான் இருக்கேன்ல"ன்னா.

சரி, அமலதாஸ் விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கே டாக்டர் அவரக் கூப்பிட்டு விட்டாரு. ஹால்ல பேஷண்டுங்க உட்கார்ந்திருக்காங்க. அத்தனை பேருக்கு முன்னாலயும் கத்தினாரு. "உன்ன நம்பித்தானேய்யா கொடுத்தேன்? எவனுக்குக் கதவத் திறந்து விட்ட?"ன்னு கேட்டாரு. அந்த வார்த்தையெல்லாம் அமலதாஸுக்குச் சொல்லக் கூடாத வார்த்தை. அவரு நேரா உள்ள வந்தாரு. இங்கதான், இந்த மேசையில, லேப்டாப்ப வச்சுப் பெட்டியோட பக்கத்தத் திறந்தாரு. நான் அவருக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த டி.எம்.இசட். பக்கத்துக்குப் போனாரு. பதினாலுன்னு போட்டிருந்தது. பார்த்தாரு. சேர்த்த தேதி வியாழக்கிழமை, மணி பன்னெண்டு மூணுன்னு வேற அதுல இருக்கு. அந்த நேரம் அவரு எங்க இருந்தாருன்னு அவருக்குத் தெரியும். பெட்டியோட பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்குன்னும் தெரியும்.

திரும்பி என்னப் பார்த்தாரு. ஒரு தடவதான். அப்புறம் டாக்டரப் பார்த்து, "நான் வந்து பார்த்திருக்கணும் சார். பார்க்காதது என் தப்புதான்"ன்னாரு. லேப்டாப்ப மூடிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

இப்ப ரைஸ் மில்லும் வேண்டாம்னுட்டாங்க, ஸ்கூலும் வேண்டாம்னுட்டாங்க. சின்ன ஊரு, ஒரு டாக்டர் சொன்னாப் போதும். போடியில ஏதோ கேமரா கடையில வேலைக்குப் போறாருன்னு கேள்வி.

எனக்கு அவரு மேல கோவம் தம்பி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, அக்காதான் பண்ணாங்கன்னு. நான் இல்லன்னா சொல்லப் போறேன்? அவரு சொல்லியிருந்தா நான் அங்கயே டாக்டர்கிட்ட, ஆமா பண்ணேன், எதுக்குப் பண்ணேன் தெரியுமான்னு கேட்டிருப்பேன். என்னக் கேக்க விடாமப் பண்ணிட்டுப் போயிட்டாரு. என்னக் காப்பாத்தச் சொல்லி யாரு அவருகிட்ட சொன்னது? நான் கேட்டேனா? அப்ப நீங்களே ஏன் சொல்லலன்னு கேக்கறீங்க. அன்னைக்கு ஹால்ல ஒரு தலை ஸ்கேன் காத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மறுநாள். அப்புறம் மூணு வாரம் ஓடிப்போச்சு. எப்படின்னு எனக்கே தெரியல.

அவருக்குப் போன் பண்ணல. பண்ணவும் மாட்டேன். பண்ணா அந்த மனுஷன், பரவாயில்ல அக்கான்னு சொல்லிடுவாரு. அத என்னால கேக்க முடியாது.

இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போடல. எடுத்துக்குங்க. வேலை போகும்னு டாக்டர் சொல்லச் சொன்னாரா? போகட்டும். அந்த மெஷின்ல படம் எடுக்க அவருக்கு வேற ஆளு கிடைக்கற வரைக்கும் அவரே வந்து நிக்கட்டும். நீங்க வேற தாள் எடுங்க. பேனா வேணும்னா என்கிட்ட இருக்கு.

எல்லாக் கதவையும் திறந்தது நான்னு எழுதுங்க. வியாழக்கிழமை, பன்னெண்டு மூணு. அமலதாஸ் அப்ப ஊர்லயே இல்ல, மாத்தாதீங்கன்னு எனக்குச் சொல்லியிருந்தாரு, அவரு கேட்டப்ப நான் மறைச்சேன், அதையும் எழுதுங்க. அதே தாள்ல, அந்த ஒன்பது நிமிஷத்தையும் எழுதுங்க. மாயக்கான்னு பேரு போட்டே எழுதுங்க. அது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது இல்லன்னு சொல்லாதீங்க, அதுக்காகத்தான் நெட்வொர்க்கே. அந்தப் பெரியவரோட பழைய படம் போனதையும் எழுதுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ரெண்டுல ஒண்ண மட்டும் எழுதினா என் கையெழுத்துக் கிடையாது. நாளைக்கே அதே மாதிரி ஒருத்தி வந்து ஹால்ல தூக்கம் வருதுன்னு படுத்தான்னா நான் திரும்ப அமுக்குவேன். அதையும் வேணும்னா எழுதிக்குங்க.

ம். முதல் வரியில என் பேரு. வேலுத்தாய், நடுவுல 'த்' வரும், தாள்ல விட்டுட்டீங்க. பேருக்குக் கீழ சீனியர் டெக்னீஷியன்னு போடுங்க.